நட்சத்திரப் பொருத்தம் போதாது

"டி3 எடு, இல்லேன்னா சார்ட்.ஜேஎஸ் எடு. எது கூட்டமா ஓடுதோ அதை எடுத்தா தலைவலி இல்ல." வெப் செயலியில் ஒரு சார்ட் போட வேண்டும் என்று சொன்னால், சேலம், நாமக்கல் பக்கத்து மென்பொருள் பிள்ளைகளிடமிருந்து பெரும்பாலும் வருகிற பதில் இதுதான். சென்னையிலோ பெங்களூரிலோ கேட்டால் வார்த்தை மாறலாம், பதில் மாறாது. கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம், என்பிஎம்மில் வாரத்துக்கு எத்தனை டவுன்லோடு, எத்தனை வகை சார்ட் வரும். இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் முடிவு எடுத்தாகிவிடுகிறது. ஓப்பன் சோர்ஸ், காசும் கிடையாது; இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார்கள்.

யோசிக்க நிறைய இருக்கிறது என்பது என் கட்சி. நட்சத்திரத்தை எண்ணி லைப்ரரி எடுப்பது, பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்று விசாரிக்காமல் பெண்ணைக் கொடுப்பது போன்றது. அந்த மூன்று எண்களும் லைப்ரரியின் செல்வாக்கைச் சொல்கின்றன. நாம் காட்டப்போகும் விவரம் எப்படிப்பட்டது, பார்க்கப்போகிறவர் யார், எந்த போனில் பார்ப்பார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம், மல்லசமுத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளை இங்கே இருக்கிறது. பருத்திக் காலத்தில் ஏலம் நடக்கும். சுற்றுவட்டார விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள், வியாபாரிகள் பார்த்து விலை கேட்பார்கள். பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வரும்: பி.டி. ரகம் குவிண்டாலுக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை, கொட்டு ரகம் இவ்வளவு முதல் இவ்வளவு வரை, மொத்தம் இத்தனை மூட்டை, இத்தனை லட்சத்துக்கு விற்பனை. இந்த நாலு வரியை வாரவாரியாகச் சேர்த்து ஒரு வலைச் செயலியில் சார்ட்டாகக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப்போகிறவர் வீட்டில் அம்பாரமாகக் கிடக்கும் பருத்தியை இந்த ஏலத்துக்குக் கொண்டுபோவதா, அடுத்த ஏலம் வரை வைத்திருப்பதா என்று யோசிக்கும் விவசாயி.

முதலில் விவரத்தைப் பாருங்கள். "இன்றைய விலை" என்று ஒற்றை எண் இங்கே கிடையாது. கீழ்விலையிலிருந்து மேல்விலை வரை ஒரு வீச்சுதான் உண்டு. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளமும் சந்தை விலையைக் குறைந்தபட்சம், அதிகபட்சம், பெரும்பாலான சரக்கு விற்ற விலை என்று மூன்றாகத்தான் வெளியிடுகிறது. அந்த வீச்சே விவசாயிக்குச் செய்திதான். ஈரம், தூசி, நிறம், இழை ஆகியவற்றைப் பார்த்து வியாபாரி தரம் பிரிக்கும்போது வீச்சு விரியும். எல்லாச் சரக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் சுருங்கும். காயவைத்துச் சுத்தம் செய்து கொண்டுபோனால் எத்தனை ரூபாய் கூடக் கிடைக்கும் என்பதற்கு அந்த விரிவைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. இதைச் சராசரியாக்கி ஒரே கோடாக இழுத்துவிட்டால் சார்ட் அழகாக இருக்கும், விவசாயிக்கு வேண்டியது அதில் இருக்காது.

ஆகவே இந்த வேலைக்கு வருகிற லைப்ரரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கீழ்விலையிலிருந்து மேல்விலை வரை தரையைத் தொடாமல் நிற்கும் ஒரு பட்டையை வம்பில்லாமல் வரையுமா?

இந்த இடத்தில் "எத்தனை வகை சார்ட்" என்ற அளவுகோல் கவிழ்கிறது. ஈசார்ட்ஸ் என்ற இன்னொரு லைப்ரரியின் வகைப் பட்டியல் சார்ட்.ஜேஎஸ்ஸின் பட்டியலைவிடப் பல மடங்கு நீளம். உலக வரைபடம், சாங்கி, சூரியவெடிப்பு என்று எல்லாம் உண்டு. ஆனால் ஐந்தாம் பதிப்புக் காலத்தில் அதன் சொந்த எடுத்துக்காட்டே, நடுவானில் நிற்கும் பட்டைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பட்டையை அடுக்கும் தந்திரத்தைத்தான் காட்டியது. கையடக்கப் பட்டியல் கொண்ட சார்ட்.ஜேஎஸ், 2.9ஆம் பதிப்பிலிருந்தே இரண்டு எண்களைக் கொடுத்தால் மிதக்கும் பட்டை வரைந்துவிடுகிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. பட்டை சார்ட் என்றால் அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது அதன் இயல்பு. சாதாரணப் பட்டைக்கு அது நேர்மையான இயல்புதான், ஏனென்றால் அங்கே பட்டையின் நீளமே மதிப்பு. மிதக்கும் பட்டையில் நீளம் காட்டுவது வீச்சை மட்டும். ஏழாயிரத்தை ஒட்டி நடக்கும் ஏலத்துக்குப் பூஜ்யத்திலிருந்து அச்சு போட்டால், எல்லாப் பட்டையும் மேலே ஒட்டிக்கொண்டு மெலிந்த கீற்றாகத் தெரியும். அந்த இயல்பை மாற்ற வேண்டும் என்பது வரைகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நட்சத்திரம் இதைச் சொல்லித் தராது.

அடுத்தது இடைவெளி. ஏலம் எல்லா வாரமும் நடப்பதில்லை. தீபாவளி, பொங்கல் என்று விடுமுறை வரும், மழை வரும், வரத்தே இல்லாத மாதங்களும் வரும். சார்ட்.ஜேஎஸ்ஸில் கோட்டுச் சார்ட்டின் கிடை அச்சு சொல்லாவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் இருக்கும். தேதிகளைப் பெயர்களாக எண்ணிச் சம இடைவெளியில் நிறுத்திவிடும். மூன்று மாதம் ஏலமே இல்லாமல் போன காலமும் ஒரு வார இடைவெளியும் திரையில் ஒரே அகலம். மூன்று மாதத்தில் மெல்ல ஏறிய விலை ஒரே வாரத்தில் துள்ளியதாகத் தெரியும். நேர அச்சு போட்டால் சரியாகும். ஆனால் மூன்றாம் பதிப்பிலிருந்து நேர அச்சுக்குத் தேதிக் கணக்குப் பார்க்கும் துணைத் தொகுப்பு ஒன்றைத் தனியே சேர்க்க வேண்டும். அந்தச் சிறு சிரமத்துக்காகவே பலர் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது, வளைவு. இதைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் "பழசா இருக்கு" என்று சொல்லி வழவழப்பான வளைவாக மாற்றுகிறார்கள். சார்ட்.ஜேஎஸ் இரண்டாம் பதிப்பு வரை கேட்காமலே வளைத்துக் கொடுத்தது. மூன்றாம் பதிப்பில்தான் இயல்பு நேர்க்கோடு ஆனது. மேல்விலை ஒரு வாரம் 6,800, அடுத்த வாரம் 7,400, அதற்கடுத்த வாரமும் 7,400 என்று வையுங்கள். வழவழப்பாக வளைத்தால் இரண்டு 7,400க்கும் நடுவில் கோடு அதற்கும் மேலே புடைத்துக்கொண்டு போகும். ஏலத்தில் யாருமே கேட்காத விலை அது. திரையில் விரலை வைத்து "இங்க ஏழாயிரத்து ஐந்நூறு கிட்டப் போயிருக்கே, எனக்கு ஏன் கிடைக்கல?" என்று ஒரு விவசாயி சங்கத்தில் கேட்டால் யார் பதில் சொல்வது? புள்ளிகளைத் தாண்டாத வளைவு முறையும் உண்டு. டி3இலும் இருக்கிறது, சார்ட்.ஜேஎஸ்ஸிலும் இருக்கிறது. ஆனால் வாரம் ஒரு நாள் நடக்கும் ஏலத்துக்கு நடுநாட்களில் விலையே கிடையாது. நேர்க்கோடு கூட அங்கே ஒரு வசதிதான், வளைவுக்கு எந்த நியாயமும் இல்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலையையும் இதே படத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஏல விலை நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? நடுத்தர இழைப் பருத்திக்கு 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு 7,121 ரூபாய், 2025-26இல் 7,710. நீண்ட இழைக்கு 7,521, 8,110. பருவம் மாறும் அக்டோபரில் அந்தக் கோடு ஒரு படி ஏற வேண்டும். ஈசார்ட்ஸில் குறிப்புக் கோடு கூடவே வருகிறது. சார்ட்.ஜேஎஸ்ஸில் அதற்கென்று தனிச் செருகுநிரல் வேண்டும், அல்லது இன்னொரு கோட்டுத் தொடராகக் கொடுத்துப் படிபோல் வரையச் சொல்ல வேண்டும். இங்கே ஈசார்ட்ஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படி என்றதும் நாமக்கல் முட்டை விலை நினைவுக்கு வரும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் தொடங்கியது. நாமக்கல் மண்டலத்துக்கு அது அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலைதான் இந்த மாவட்டத்தில் டீக்கடைவரை பேசப்படும் எண். "முட்டை விலை 5 காசு உயர்வு" என்று தலைப்பு வரும். இந்த விலையின் இலக்கணமே வேறு. ஒரு முறை அறிவித்தால், மாற்றி அறிவிக்கும் வரை அதே விலை. திங்கட்கிழமை 5 ரூபாய், வெள்ளிக்கிழமை 5 ரூபாய் 10 காசு என்றால் நடுவில் செவ்வாய் 5 ரூபாய் இரண்டரைக் காசு என்று ஒரு விலை இருந்ததே கிடையாது. ஆனால் எந்த லைப்ரரியை எடுத்துச் சொல்லாமல் கொள்ளாமல் வரைந்தாலும் சரிவுக் கோடு வந்து அந்த இல்லாத விலையைக் காட்டும். இங்கே வேண்டியது படிக்கட்டு. சார்ட்.ஜேஎஸ், ஈசார்ட்ஸ், டி3 மூன்றிலும் அதற்கு வழி இருக்கிறது, ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரிவதுதான் விஷயம். நெடு அச்சை லைப்ரரி தானாகச் சுருக்கிக்கொண்டால் 5 காசு இறக்கம் மலையிலிருந்து உருண்டது போலத் தெரியும் என்பதையும் கவனியுங்கள்.

இந்த முட்டைப் படிக்கட்டுக்கு லைப்ரரியே வேண்டியதில்லை என்பேன். படம் வரையும் எஸ்விஜி வசதி உலாவிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பாதைக் கட்டளைகளில் எச் என்றால் கிடையாகப் போ, வி என்றால் நெட்டுக்குத்தாகப் போ. படிக்கட்டு வரைய இந்த இரண்டும் போதும். ஒரு மாத விலைக்கு முப்பது சொச்சம் எண்கள். ஒரு மதிய வேளையில் எழுதி முடிக்கிற வேலைக்குப் பல நூறு கிலோபைட் லைப்ரரியை இறக்குவது என்ன கணக்கு?

"அட, கூட்டம் இருக்கிற இடத்தில்தானே பாதுகாப்பு? நாளைக்குப் பிரச்சினை வந்தா கேட்க ஆள் இருக்கும்" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. தெரிந்தவர்கள் அதிகம் என்றால் உதவி கிடைக்கும், பிழைகள் சீக்கிரம் வெளிவரும். ஆனால் இந்தத் துறையின் கடந்த இருபது வருடக் கதை அந்த வாதத்துக்குச் சாதகமாக இல்லை. 2002இல் கொல்கத்தாவில் பதினேழு வயதுப் பல்லவ் நாதானி தொடங்கிய ஃப்யூஷன்சார்ட்ஸ் ஃபிளாஷை நம்பி எழுந்தது. அன்றைக்கு ஃபிளாஷ் இல்லாத கணினி அபூர்வம், அதைவிடப் பெரிய கூட்டம் எங்கே இருந்தது? 2020 கடைசியில் அடோபி அதற்கு மூடுவிழா நடத்தியது. ஃப்யூஷன்சார்ட்ஸ் பிழைத்திருப்பதற்குக் காரணம் ஃபிளாஷின் செல்வாக்கு அன்று, அது முன்னதாகவே ஜாவாஸ்கிரிப்டுக்குத் தாவியதுதான். ஓப்பன் சோர்ஸ் பக்கமும் இதே கதை. நிர்வாகப் பலகை டெம்ப்ளேட்டுகளோடு சேர்ந்து வந்ததால் மோரிஸ் என்ற லைப்ரரி எங்கும் பரவியது. 2014க்குப் பிறகு அதில் புதிய வெளியீடு இல்லை. அதை எடுத்தவர்களில் பாதிப்பேர் எடுத்ததாகவே உணர்ந்திருக்க மாட்டார்கள், டெம்ப்ளேட்டோடு வந்தது, இருந்துவிட்டது. மைக் போஸ்டாக்கும் ஜெஃப் ஹீரும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய புரோட்டோவிஸ் நல்ல பெயர் எடுத்தது. 2011இல் அவர்களே டி3ஐக் கொண்டுவந்து அதைக் கைவிட்டார்கள்.

கைவிடாத லைப்ரரியும் உங்களை விட்டுவைப்பதில்லை. 2021இல் சார்ட்.ஜேஎஸ் மூன்றாம் பதிப்பு வந்தபோது அச்சுகளை எழுதும் முறையே மாறியது, கிடைப்பட்டை என்ற தனி வகை நீங்கியது, பழைய செருகுநிரல்கள் பல நின்றன. மாற்றம் தேவையானதுதான், லைப்ரரி மெலிந்தது, வேகமானது. ஆனால் "எல்லாரும் பயன்படுத்துறாங்க" என்ற உறுதிமொழி அந்த மாற்றத்திலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை. எல்லாரும் சேர்ந்து மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

பெரிய கம்பெனி பின்னால் இருந்தால் போதும் என்போரும் உண்டு. வலை முகவரியிலேயே எண்களைக் கொடுத்தால் சார்ட்டைப் படமாகத் திருப்பித் தரும் கூகுளின் சேவை ஒரு காலத்தில் எத்தனையோ தளங்களில் ஓடியது. 2012இல் அதைக் கைவிடப்போவதாகச் சொன்னார்கள், 2019 மார்ச்சில் நிறுத்தினார்கள். இன்றும் இருக்கும் கூகுள் சார்ட்ஸ் இலவசம், ஆனால் ஓப்பன் சோர்ஸ் கிடையாது. அதன் நிரலை இறக்கி நம் சர்வரில் வைத்துக்கொள்ள அவர்களது நிபந்தனை இடம் தருவதில்லை. இணையம் அறுந்தால் சார்ட்டும் அறும்.

"ஓப்பன் சோர்ஸ்தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்ற பேச்சை இங்கேயே முடித்துவிடுவோம். நார்வேயின் ஹைசார்ட்ஸ் நிரல் கிட்ஹப்பில் எல்லார் கண்ணுக்கும் படும்படி இருக்கிறது. வணிகச் செயலியில் போட்டால் உரிமம் வாங்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்ட்டில் இலவசமாகப் பயன்படுத்திய பழக்கத்தில் அதை அப்படியே நூல் மில்லுக்கோ லாரி புக்கிங் அலுவலகத்துக்கோ எழுதும் செயலிக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி எழுதியவர் தலையிலா, வாங்கியவர் தலையிலா? சார்ட்.ஜேஎஸ் எம்ஐடி உரிமம், பதிப்புரிமைக் குறிப்பை வைத்திருந்தால் போதும். ஈசார்ட்ஸ் அப்பாச்சி உரிமம். பைடு நிறுவனத்தில் பிறந்து 2018இல் அப்பாச்சி அறக்கட்டளையின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்து, 2021 ஜனவரியில் முழுத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. டிரேடிங்வியூவின் லைட்வெயிட் சார்ட்ஸும் அப்பாச்சி உரிமம்தான், ஆனால் அவர்கள் பெயரையும் இணைப்பையும் பயனர் காணும்படி வைக்க வேண்டும். இதில் எதுவும் தப்பில்லை. படிக்காமல் எடுப்பதுதான் தப்பு. உரிமம் நிலையானது என்ற நம்பிக்கையும் வேண்டாம். எம்ஐடியில் இருந்த அபெக்ஸ்சார்ட்ஸ், வருவாய் வரம்பைத் தாண்டிய நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கும் உரிமத்துக்கு 2025இல் மாறியது. கையில் இருக்கும் பழைய எம்ஐடி பதிப்பை யாரும் பறிக்க முடியாது, புதிய திருத்தம் வேண்டுமென்றால்தான் கேள்வி.

எதிர்த்தரப்பின் இன்னொரு வாதம் "நாளைக்குத் தேவைப்படலாம்." இன்று பட்டை மட்டும் போதும், நாளை மேப் கேட்டால்? நாளை முப்பரிமாணம் கேட்டால்? ஆகவே எல்லாம் உள்ளதை இன்றே எடுத்துவிடு. ஆனால் அதற்கு எடை உண்டு: முழு பிளாட்லி லைப்ரரி சுருக்கிய நிலையிலும் மூன்று எம்பிக்கு மேல். முழு ஈசார்ட்ஸ் ஒரு எம்பியை ஒட்டி. சார்ட்.ஜேஎஸ் இருநூறு கேபி அளவில். "ஜியோ வந்த பிறகு எம்பிக் கணக்கு யார் பார்க்கிறார்?" என்று கேட்பார்கள். 2016க்குப் பிறகு டேட்டா மலிந்தது உண்மை. ஆனால் ஜாவாஸ்கிரிப்டை இறக்குவதோடு வேலை முடியவில்லை, போனின் செயலி அதைப் படித்துப் புரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில் அந்த வேலைதான் திரையை உறையவைக்கிறது. எழுதுகிறவர் மேசையில் பதினாறு ஜிபி லேப்டாப் இருக்கிறது, அதில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. சோதிப்பதாக இருந்தால் பார்க்கப்போகிறவரின் போனில் சோதியுங்கள்.

குறுகிய பட்டியலோடு நிற்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. மும்பையின் ஃப்ரப்பே நிறுவனம் தன் இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளுக்காக 2017இல் ஃப்ரப்பே சார்ட்ஸை எழுதியது. வேறு எந்தத் தொகுப்பையும் சாராத எஸ்விஜி சார்ட். கோடு, பட்டை, வட்டம், விழுக்காடு, நாள்காட்டிக் கட்டம், அவ்வளவுதான். ஒரு கடையின் கணக்குப் பலகைக்கு இதற்கு மேல் வேண்டியது அபூர்வம். உலகில் இல்லாத சார்ட்டையா அவர்கள் எழுதினார்கள்? தங்களுக்கு வேண்டியது எது என்று தெரிந்து எழுதினார்கள்.

டி3ஐப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் சொன்ன பதிலில் முதலில் வரும் பெயர் அதுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரம். தகுதியும் உண்டு. ஆனால் அது சார்ட் லைப்ரரியே கிடையாது. அளவுகோல், அச்சு, வடிவம், நிலப்படம் ஆகியவற்றைச் செய்து தரும் கருவிப்பெட்டி. பட்டை சார்ட் கொடு என்று கேட்டால் கொடுக்காது, நீங்களே தச்சு வேலை பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கிய கோவிட்19இந்தியா தளம் டி3ஐ எடுத்தது சரி. மாவட்டவாரி நிலப்படம், அதைத் தொட்டால் மாறும் கோடுகள் என்று கடையில் கிடைக்காத ஒன்றை அவர்கள் கட்டினார்கள், நிரலைத் திறந்தும் வைத்தார்கள், 2021 அக்டோபர் கடைசி வரை நாடே பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு மாத விற்பனைக்குப் பன்னிரண்டு பட்டை போட டி3 எடுப்பது வீண்பெருமை.

தமிழ் என்ற கேள்வி எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வராது, நமக்கு அதுதான் முதல் வரிசையில் வரும். உலாவியில் தமிழ் எழுத்துகளைக் கேன்வாஸும் எஸ்விஜியும் ஒழுங்காகவே வரைகின்றன. சிக்கல் வேறு இடங்களில். நம் பெயர்கள் நீளம். திருச்செங்கோடு, மல்லசமுத்திரம், வையப்பமலை என்று கிடை அச்சில் வரிசையாகப் போட்டால் சார்ட்.ஜேஎஸ் அவற்றைச் சாய்த்துவிடும், கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். பட்டையைப் படுக்கவைத்தால் பெயர்கள் நேராக நிற்கும். இடம் போதாமல் பெயரை வெட்டும் நிரல் பெரும்பாலும் யூனிகோடு அலகுகளை எண்ணி வெட்டுகிறது. "பருத்தி"யை நடுவில் வெட்டினால் புள்ளியோ உயிர்க்குறியோ உதிர்ந்து வேறு எழுத்து நிற்கும். முழு எழுத்தாகப் பிரிக்கும் வசதி இப்போது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது, லைப்ரரி அதைப் பயன்படுத்துகிறதா என்று ஒரு பெயரை வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிடிஎஃப் ஆக்குவது தனி வேதனை. ஜேஎஸ்பிடிஎஃப் போன்றவற்றில் தமிழை எழுத்தாகக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், சார்ட்டைப் படமாக எடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

எண்ணும் அப்படித்தான். ஈசார்ட்ஸ் ஒரு லட்சத்தை மூன்று மூன்றாகப் பிரித்து 100,000 என்று போடும், டி3இன் சுருக்க வடிவம் பத்து லட்சத்தை எம் என்ற எழுத்தால் முடிக்கும். 1,00,000 என்று வாசித்துப் பழகிய கண்ணுக்கு ஒரு நொடி தடுமாற்றம். சார்ட்.ஜேஎஸ்ஸில் இந்தியா என்று மொழி அமைப்பைக் கொடுத்தால் உலாவியே லட்சக் கணக்கில் பிரித்துவிடுகிறது. டி3இலும் இந்திய முறைக்கான அமைப்புக் கோப்பு உண்டு, அதை எடுத்து வைக்க வேண்டும். ஈசார்ட்ஸில் ஒரு சிறு செயற்கூறு எழுத வேண்டும். கண் தெரியாதவருக்கு ஆண்ட்ராய்டு போனின் டாக்பேக் வசதி திரையை வாசித்துச் சொல்ல வேண்டுமானால், கேன்வாஸ் சார்ட் என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத ஒரு படம். பக்கத்திலேயே அதே எண்களை அட்டவணையாகவும் வைத்துவிடுங்கள், கண் தெரிந்தவரும் அதைத்தான் அதிகம் பார்ப்பார்.

கடைசியாகக் கிளம்பியிருக்கும் வாதம்: "எழுதறது ஏஐ. அதுக்கு எது நல்லாத் தெரியுமோ அதுதான் நல்ல லைப்ரரி." பழைய கூட்ட வாதத்துக்குப் புதுச் சட்டை. சார்ட்.ஜேஎஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் இரண்டாம் பதிப்பின் எடுத்துக்காட்டுகள் மலைபோல் கிடப்பதால், நான்காம் பதிப்புக்கு நடுவே இரண்டாம் பதிப்பின் அச்சுக் கட்டளையை எழுதிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும். திரையில் பிழைச் செய்தி வராது, அமைப்பு மட்டும் காதில் விழாதது போலச் சார்ட் வரும். கூட்டம் பெரிதாக இருப்பதே இங்கே குழப்பத்தின் ஊற்று. எச், வி இரண்டு கட்டளைகளால் ஆன படிக்கட்டில் பதிப்புக் குழப்பம் வர இடமில்லை.

இதற்காக எல்லாரும் எஸ்விஜியைக் கையால் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய இடத்தில், நூற்பாலை இயந்திரம் நொடிக்கொரு முறை அனுப்பும் அளவீடு போன்ற இடத்தில், ஈசார்ட்ஸோ யூபிளாட்டோ இல்லாமல் முடியாது. அங்கே அவை தம் எடைக்குத் தகுந்த வேலை செய்கின்றன.

மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்துக்கு என் தீர்ப்பு இது: சார்ட்.ஜேஎஸ், மிதக்கும் பட்டை, நேர அச்சு, ஆதரவு விலைக்கு ஒரு படிக்கோடு. வளைவு கூடாது. பதிப்பு எண்ணைப் பூட்டிக் கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். 2024இல் பாலிஃபில் தளத்தின் முகவரி கைமாறி, அதிலிருந்து நிரலை இழுத்துக்கொண்டிருந்த தளங்களுக்கெல்லாம் விஷம் போனது, அடுத்தவன் சர்வரை நம்பாதீர்கள். முட்டை விலைக்கு லைப்ரரி வேண்டாம். இதை ஏற்காதவர்கள், தாங்கள் எடுத்த லைப்ரரியில் ஒரு பருவத்து ஏல விலையைப் போட்டு, பருத்தி விற்கும் ஒருவரின் போனில் திறந்து, அவரிடமே கேட்டுவிட்டு வந்து வாதாடுங்கள்.